முப்பத்தொன்றாவது நகர்த்தல்

திரௌபதிக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தது ஓர் அட்டைப்பெட்டியின் மூடி. திருவண்ணாமலையில் அவள் படித்த பெண்கள் பள்ளியின் விளையாட்டு அறையில் இருந்த ஒரே வலைப்பந்து ஓட்டையாகிப் போன வருஷம், டீச்சர் பீரோவைக் குடைந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். மூடியின் உட்பக்கத்தில் விதிகள் அச்சடித்து ஒட்டியிருந்தன. மற்ற பெண்கள் காய்களை வைத்து வீடு கட்டி விளையாடினார்கள். இவள் மட்டும் மூடியைப் படித்தாள்.

பத்தொன்பது வயதில் வேலூர் போய் வட ஆற்காடு மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தாள். மாவட்டம் முழுக்கச் சேர்த்து ஆறு பெண்கள்தான் ஆட வந்திருந்தார்கள் என்பதை அவளே யாருக்கும் ஒளிக்காமல் சொல்வாள். 1972இல் மெட்ராசில் மாநிலப் பெண்கள் போட்டி. அதில் இரண்டாம் இடம். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்துகொண்டு, சாயந்திரம் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்று அப்பா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்ததில், அவசரத்தில் ஒரு குதிரையைப் பறிகொடுத்தாள். பஸ் கிடைத்தது. முதலிடம்தான் போயிற்று.

அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை அருணகிரி மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுப்பவன். நல்லவன்தான், ஆனால் பெண்டாட்டி வெளியூர் போய் ஆண்கள் நடுவில் உட்கார்ந்து ஆடுவதா என்று கேட்டுவிட்டான். கேட்டது ஒரே ஒரு தடவை. அந்த வீட்டில் அதற்குமேல் எதையும் கேட்க வேண்டியதில்லை, அவன் அம்மா தங்கம்மாள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு எறியும் புத்தகங்களை வாங்கிப் போடுகிற பழைய பேப்பர் கடை ஒன்று இருந்தது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகள் உண்ணாமலைக்குக் கிறுக்கிப் பழகக் காகிதம் தேடிப் போன திரௌபதிக்கு அங்கே ஒரு சதுரங்கப் பத்திரிகை அகப்பட்டது. பின்பக்கத்தில் ஓர் அறிவிப்பு: ஆசியப் பெண்களுக்கான தபால் சதுரங்கம். பதினோரு பேர், ஒவ்வொருத்தியும் மற்ற பத்துப் பேரோடும் ஓர் ஆட்டம், எல்லாம் கடிதத்திலேயே. வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம், ஆண்பிள்ளை முகத்தில் விழிக்க வேண்டாம். அருணகிரியால் மறுப்பதற்கு ஒரு காரணம்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, சரி, எழுதித் தொலை என்றான்.

1978 தை மாதம் ஆட்டங்கள் தொடங்கின. ஒரு பழைய ரவிக்கைத் துணியில் அறுபத்துநான்கு பைகள் வைத்துத் தைத்தாள். அட்டையில் காய்களை வெட்டி அந்தப் பைகளில் செருகினாள். சுருட்டினால் முந்தானைக்குள் அடங்கிவிடும். உலை கொதிக்கும்போது விரிப்பாள், மாமியார் செருப்புச் சத்தம் கேட்டால் சுருட்டுவாள். கட்டங்களுக்கெல்லாம் எண் உண்டு, ஒரு நகர்த்தலை நாலு எண்களில் எழுதிவிடலாம். எந்த மொழிக்காரிக்கும் புரியும். ஒரு கார்டு மணிலா பக்கமிருந்தும் இன்னொன்று கொழும்பிலிருந்தும் எண்களைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர் தபால்காரர் இருசப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, இது மட்கா சூதாட்ட நம்பரா என்று விசாரித்தார். ஜெயித்தால் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம்.

பத்துப் பேரில் லூர்து வில்லமோர் என்பவள்தான் திரௌபதிக்கு நெருக்கமானாள். பிலிப்பைன்ஸ் நாட்டில் இலோய்லோ என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. திரௌபதியைவிடப் பத்து வயது மூத்தவள். தன் நாட்டுப் பெண்கள் அணியில் ஆடியவள், கப்பலேறி வெளிநாடெல்லாம் போய் ஆடி ஜெயித்தவள். அப்புறம் மூச்சிரைப்பு வந்தது, கூடவே படுத்த படுக்கையாகக் கிடக்கிற அம்மா. பயணம் நின்றது. மிச்சம் இருந்தது தபால்தான். நகர்த்தலுக்குக் கீழே ஒவ்வொரு கார்டிலும் இரண்டு வரி எழுதுவாள். ‘இங்கே புயல். பள்ளிக்கூரை போய்விட்டது.’ ‘இன்று அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.’ ஒரு தடவை, ‘இருபது வருஷமாக ஆடுகிறேன், நேரம் தவறித் தோற்றதே இல்லை, அந்த ஒரு பெருமை போதும்’ என்று எழுதினாள். திரௌபதியும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் எழுதுவாள். அவளுடைய வாழ்க்கையில் மாமியாருக்குத் தெரியாத ஒரே சிநேகம் அது.

மூன்றரை வருஷத்தில் ஒன்பது ஆட்டங்கள் முடிந்தன. பாக்கி நின்றது லூர்துவோடு ஆடியது மட்டும். ஜெயித்தால் திரௌபதிக்கு முதலிடம், தோற்றால் மறுபடியும் அதே இரண்டாம் இடம். 1981 ஆடியில் தன் முப்பதாவது நகர்த்தலை அனுப்பிவிட்டுத் துணியை விரித்துப் பார்த்தாள். அவளுடைய ஓரத்துச் சிப்பாய் இன்னும் இரண்டே அடி வைத்தால் ராணியாகிவிடும். லூர்து என்ன செய்தாலும் தடுக்க முடியாது என்று தோன்றியது. மெட்ராசில் விட்டதை இங்கே பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நின்றாள். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஆவணியில் நாத்தனார் சரசுவின் கல்யாணம். பந்தக்கால் நட்டாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. எல்லாரும் அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் பெங்களூரில் இருந்த பெரியப்பா ஆதிமூலம். மாமனாரோடு கூடப் பிறந்த அண்ணன், ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். அவர் போய்விட்டால் பங்காளித் தீட்டு. கல்யாணம் நின்றுபோகும், ஆவணியை விட்டால் அப்புறம் ஐப்பசிதான், மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

பந்தக்கால் நட்ட மூன்றாம் நாள் காலை, இருசப்பன் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக மணியடித்துக்கொண்டே படியேறிவிடுகிற மனிதர், அன்றைக்குத் தெருவிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் நாலு பக்கமும் கறுப்புக் கரை போட்ட உறை.

“அம்மா, காயிதம் ஒண்ணு வந்துகீது. துக்கக் காயிதம் மாதிரி தெரியுது. இங்கிலீஷ்ல கீது.”

பெரியப்பா மகன் இங்கிலீஷில்தான் எழுதுவான். தங்கம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது.

“வாயத் தொறக்காத இருசப்பா! எங்கேர்ந்து வந்துது, யாரு எழுதினதுன்னு ஒரு வார்த்த சொல்லிடாத. காதுல வுழுந்தா தீட்டு.”

எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். சரசு அழ ஆரம்பித்தாள். அருணகிரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கினால் கல்யாணம் போச்சு, வாங்காமல் திருப்பி அனுப்பினால் நாளைக்கு யாராவது ஆள் நேரில் வந்து சொல்லிவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கோலமாவும் கையுமாக நின்ற திரௌபதிதான் சொன்னாள்.

“படிச்சாத்தானே அத்தே தீட்டு? வாங்கிப் படிக்காமலே கிழிச்சுப் போட்டுடுங்க. ஆள் யாராச்சும் வந்தா, விஷயத்தச் சொல்ல விடாம தெருமுனையிலியே பேசி அனுப்பிடலாம். கல்யாணம் முடிஞ்சு தெரிஞ்சுகிட்டா அன்னிக்குத்தான் நமக்குத் தீட்டு.”

வீடு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. எட்டு வருஷத்தில் தங்கம்மாள் முதல் தடவையாக மருமகளின் கன்னத்தைத் தடவி, “பார்றா, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்” என்றாள். இருசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கம்மாள் கையை ஓங்கிக் காட்டி அவரை அடக்கிவிட்டு, தெருவில் இறங்கி இடது கையால் உறையை வாங்கினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். திரௌபதி திரும்பிப் போய்க் கோலத்தை முடித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. முகூர்த்தத்தன்று காலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா ஆதிமூலமே இறங்கி வந்தார். இளைத்திருந்தார், மற்றபடி வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. பந்தியில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். கிழித்த கடிதம் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விலாசம் மாறி வந்திருக்கும் என்று அருணகிரி சொன்னான், அதோடு பேச்சு முடிந்தது. துணிப்பலகையில் எதிராளி வைக்கக்கூடிய ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிற திரௌபதியும் கேட்கவில்லை. இன்றுவரை அவள் தன்னை மன்னிக்காதது அதற்காகத்தான்.

புரட்டாசியும் வந்துவிட்டது, லூர்துவின் பதில் வரவில்லை. விதிப்படி நினைவூட்டல் ஒன்று அனுப்பினாள். ஐப்பசியில் தலைதீபாவளிக்குச் சரசுவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், வீட்டில் அதிரசம் சுடுகிற வேலை. அப்புறம் கார்த்திகை வந்தது, மலைமேல் தீபம் ஏற்றினார்கள், ஊர் கொள்ளாத கூட்டம் வந்து போயிற்று. இலோய்லோவிலிருந்து ஒரு வரியும் இல்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாளா என்று திரௌபதிக்குக் கோபம் வந்தது. இத்தனை பெருமை பேசினவள், ஒழுங்காக ஒப்புக்கொண்டு போகக்கூடாதா? மார்கழியில் ஹாங்காங்கில் இருந்த போட்டி நடுவருக்கு எழுதிவிட்டாள்: எதிராளியிடமிருந்து பதில் இல்லை, நேரம் கடந்துவிட்டது, புள்ளி எனக்கு.

1982 சித்திரையில் முடிவு வந்தது. வெற்றி திரௌபதிக்கு. முதலிடம். பொன்னிற எழுத்தில் பெயர் போட்ட சான்றிதழ் தடித்த உறையில் வந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்து மாலை போட்டார்கள். மேடையில் அருணகிரியையும் ஏற்றி ஒரு துண்டு போர்த்தினார்கள். அவன் அதைத் தோளிலிருந்து எடுக்காமலே பெரிய தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வந்தான். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் சொல்லித் தீர்த்தான்.

ஆவணி திரும்பி வந்தது. ஒரு நாள் இருசப்பன் படியேறி வந்து ஒரு வெள்ளை உறையைத் திரௌபதியிடம் நீட்டினார். கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பங்கரையில் நின்றபடியே பிரித்தாள்.

லூர்து எழுதியிருந்தாள்: ‘அம்மா போய் இன்றோடு ஒரு வருஷம். எங்கள் வீட்டு வழக்கப்படி இந்த ஒரு வருஷமும் கறுப்புக் கரைத் தாளில்தான் எழுதினேன், இன்று அதை எடுத்து வைத்துவிட்டேன். அடக்கம் முடிந்த மறுநாளே உனக்கு முப்பத்தொன்றாவது நகர்த்தலை அனுப்பினேன், உன்னைக் காக்க வைக்கக் கூடாதென்று. உன் நினைவூட்டல் வந்ததும் மறுபடி அனுப்பினேன். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும், ஆனால் அந்த நாட்களில் அது நினைவில் இல்லை. இரண்டும் உனக்கு வரவில்லை என்று நீ சொன்னதாக நடுவர் எழுதினார். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் சண்டை போடவில்லை. வீடு காலியாக இருக்கிறது. என் நகர்த்தல் என்னவென்று நீ தெரிந்துகொள்ள விரும்புவாய் என்று நினைத்தேன். 7172.’

திரௌபதி அலமாரியின் அடியிலிருந்து துணியை எடுத்தாள். காய்கள் அப்படியே பைகளில் இருந்தன. 7172 என்றால் லூர்துவின் ராஜா ஒரு கட்டம் முன்னால் நகர்ந்து நிற்பது. அவ்வளவுதான், வெட்டு இல்லை, முற்றுகை இல்லை. ஆனால் ராஜா நகர்ந்த இடத்தின் வழியாக அதுவரை அடைபட்டிருந்த யானை ஓரத்துக்குப் போக வழி திறந்துவிட்டது. திரௌபதி தன் சிப்பாயை ஓர் அடி தள்ளினாள். யானையை ஓரத்துக்குக் கொண்டுபோனாள். சிப்பாயை இன்னோர் அடி தள்ளி ராணியாக்கினாள். யானையை மேலே ஏற்றினாள். ராணி பிறந்த கையோடு அவளுடைய ராஜா செத்துப்போனான். வேறு வழியாகப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு அடிப்பிடித்தது. எந்த வழியில் போனாலும் அவள் தோற்றுத்தான் இருந்தாள். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயிக்கவே இல்லை.

துணியைச் சுருட்டாமலே கூடத்துக்கு வந்தாள்.

“அத்தே, தலைதீபாவளிக்குக் கறுப்புக் கரை போட்ட காயிதம் ஏதாவது வந்துதா?”

தங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஆமா, வந்துது. புது மாப்ள வூட்ல இருக்கறப்ப அதை உள்ள கொண்டாருவாங்களா? கிழிச்சுப் போட்டேன்.”

“யாருக்கு வந்துதுன்னு கேக்க வேணாமா? அது எனக்கு வந்த காயிதம். ரெண்டும் எனக்கு வந்தது!”

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அதுவரை இல்லை. தங்கம்மாள் கீரையைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

“எங்கிட்ட எதுக்குடி கத்தற? மொத காயிதத்தப் படிக்காமக் கிழிக்கச் சொன்னது யாரு? நீதான சொல்லிக் குடுத்த?”

திரௌபதி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இருசப்பன் அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தது வெளிநாட்டு ஸ்டாம்பைப் பற்றித்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கே நடுவருக்கு எழுதினாள்: கடிதங்கள் வந்தன, தவறு என் வீட்டுடையது, புள்ளியை லூர்து வில்லமோருக்குக் கொடுங்கள். சாயந்திரம் வந்த அருணகிரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஊரே கூடிக் கை தட்டிச்சு. இப்பப் போயி அதெல்லாம் பொய்யின்னு சொன்னா எனக்கு மூஞ்சி ஏது? அந்தச் சட்டத்து மேல மட்டும் கை வெக்காத.”

நடுவரிடமிருந்து இரண்டு மாசம் கழித்து மரியாதையான பதில் வந்தது. போட்டி முடிந்து முடிவுகள் அச்சாகிவிட்டன, மாற்ற வழியில்லை, தங்கள் நேர்மைக்கு நன்றி. லூர்துவுக்கு நாலு பக்கம் எழுதினாள். பந்தக்காலையும் தீட்டையும் பெரியப்பாவையும் இங்கிலீஷில் எழுத முயன்று, அடித்து அடித்து எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். ஒரு கார்டில் நாலே வரி எழுதி அனுப்பினாள்: உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன். கடிதங்கள் என் வாசல் வரை வந்தன. நான்தான் வாங்கவில்லை. 7172 பார்த்தேன், தோற்றுவிட்டேன்.

அதற்குப் பதில் வரவே இல்லை. கார்டு போய்ச் சேர்ந்ததா, லூர்து படித்தாளா, படித்துவிட்டு வெறுத்தாளா, ஒன்றும் தெரியவில்லை. முதலிடம் பெற்றவளுக்கு அடுத்த சுற்றில் ஆட அழைப்பு வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அப்புறம் அவள் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. சான்றிதழ் மட்டும் கூடத்தில் தொங்கியது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் புகழ்வார்கள், அவள் காபி கலக்க உள்ளே போய்விடுவாள்.

1986 பங்குனியில் மகள் உண்ணாமலைக்கு மஞ்சள் நீராட்டு. வாசலில் வாழைமரம், கூடம் நிறையச் சொந்தம், தாய்மாமன் சீர் வந்து இறங்கியிருந்த நேரம். தெருவில் சைக்கிள் வந்து நின்றது. இருசப்பன் தலை நரைத்துப் போயிருந்தார். படியேறவில்லை. திரௌபதியை மட்டும் ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

“அம்மா, கறுப்புக் கரை. அந்தப் பழைய ஊரு ஸ்டாம்பு.” குரலைத் தாழ்த்தினார். “விசேஷ வூடு. நாளைக்கிக் கொண்டாரட்டுமா?”

“குடுங்க” என்றாள் திரௌபதி. வலது கையை நீட்டினாள்.

அங்கேயே நின்று பிரித்தாள். லூர்துவின் தம்பி அனுப்பியிருந்தான், அச்சடித்த நாலு வரி: மூச்சிரைப்பு, மாசி மாதத்து ஒரு தேதி, தேவாலயத்தின் பெயர். கீழே பேனாவால் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தான். ‘அக்காவின் விலாசப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்தது.’ அவ்வளவுதான். மன்னித்தாள் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை.

திரௌபதி கடிதத்தைக் கையில் பிடித்தபடி படியேறினாள். வாழைமரத்தைத் தாண்டினாள். தங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

“அடியே! இன்னாடி கையில? மங்கள காரியம் நடக்கறப்ப அத எடுத்துகினு உள்ள வர்ற! கிழிச்சு எறிடி!”

“முடியாது அத்தே.”

மேளம் வாசித்தவன் நிறுத்திவிட்டான். அருணகிரி எழுந்து வந்தான், பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டான். அவள் யார் காலையும் மிதிக்காமல் கூட்டத்தின் நடுவே நடந்து போய், சாமி படத்துக்குப் பக்கத்தில், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் அந்தக் கடிதத்தைச் செருகினாள். கறுப்புக் கரை வெளியே தெரிந்தது.

மனையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த உண்ணாமலை பயந்துபோய்க் கேட்டாள். “யாரும்மா செத்துட்டாங்க?”

திரௌபதி குனிந்து மகள் நெற்றியில் கலைந்திருந்த சந்தனத்தைச் சரிசெய்தாள்.

“என்னெ ஜெயிச்சவங்க” என்றாள்.